ஏழாம் கேள்வி

பீல் நகரில் தெருவுக்கு இரண்டு பெயர்.
மேலே ஒரு மொழி, கீழே ஒரு மொழி,
தபால்காரிக்கு ஒரே வீடு.
கால் மணித்தியாலக் கணக்கில் கூலி வாங்கும்
மூன்றாவது மொழி நான்.

சமூக உதவி அலுவலகம், இரண்டாம் மாடி.
கண்ணாடிக்கு அப்பால் நவம்பர்ப் புகார்,
அங்கே ஏரி ஒன்று உண்டென்று நம்பவேண்டும்.
தவக்குலசிங்கத்தார் கம்பளித் தொப்பியைக் கையில் சுருட்டியபடி
"இருங்கோ" என்று நான் சொல்லும்வரை நிற்கிறார்.

திருமதி ஏபிஷர் பேனாவைத் திறக்கிறார்.
இங்கே எங்கே வசிக்கிறீர்கள்?
"மருமகன் வீட்டில நிக்கிறன்."
ஆறு வருடமாக நிற்கிறார் மனிதர்.
கால் வலிக்காதா என்று கேட்கும் ஜெர்மன்.
வோனன் என்று மாற்றிப்போட்டு
அவரை ஒரு வீட்டுக்குள் உட்காரவைத்தேன்.
மாற்றும்போது ஏதோ சிந்தியது.
குனிந்து பார்க்க நேரமில்லை.

எனக்கு முதலில் தந்த அட்டையின் எழுத்து என்.
என் அட்டை. என் கட்டில். என் இலக்கம்.
முகாமில் தொட்டதெல்லாம் என்,
ஒன்றும் என்னதில்லை.
பிறகு எஃப், பிறகு பி, பிறகு சி என்று
வரிசை குழம்பிய அரிச்சுவடி படித்து
பதினேழாம் வருடம் குடி ஆனேன்.
அன்று இரவு குழாயைத் திறந்து
ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தேன், அவ்வளவுதான் விழா.

உறை என்றால் தங்கு.
உறை என்றால் பனிக்கட்டியாகு.
உறை என்றால், விசா முடிகிறது என்ற கடிதம்
உள்ளே மடிந்து வருவது.
மூன்றும் ஒரே சனவரியில் வந்தன எனக்கு.

மூன்றாம் பக்கம், ஏழாம் கேள்வி:
வெளிநாட்டில் வீடு, காணி?
"ஓம். மயிலிட்டியில. கல்வீடு. நாலு அறை, கிணறு."
அதில் இப்போது யார் வசிக்கிறார்?
"ஆமி இருக்கு."

இருக்கு.
சீனி போத்தலில் இருக்கு, சாமி கோயிலில் இருக்கு,
எனக்கு இன்னும் பல் இருக்கு,
அதே இருக்கு.
இருக்கினம் என்று சொல்லவில்லை, கவனித்தேன்.
அஃறிணையில் வைத்தார்.
இலக்கணத்தால் அவ்வளவுதான் பழிவாங்க முடியும்.

வோனன் என்று சொன்னால்
அவர்கள் யன்னலுக்குச் சீலை மாட்டுவார்கள்,
மணியடித்தால் கதவைத் திறப்பார்கள்,
முதலாந் திகதி வாடகை தருவார்கள்.
திருமதி ஏபிஷர் அறிய விரும்பியதும் அதைத்தான்,
மாதம் எவ்வளவு?

வேறொரு சொல் உண்டு. பெசெட்ஸ்ட்.
பேர்ன் போகும் ரயிலில்
கழிவறைக் கதவின் மேல் சிவப்பாக எரிவது.
உள்ளே ஆள் இருக்கு, பொறு,
எப்படியும் வெளியே வருவார் என்று
வயிற்றைப் பிடித்துக்கொண்டு நம்பவைக்கிற சொல்.

அதைச் சொன்னேன்.
அவர் பேனா அந்தரத்தில் நின்றது.
படிவத்தில் நான்கு பெட்டிகள்:
சொந்தக்காரர், வாடகைக்காரர், உறவினர், காலி.
அடுத்த மேசை மனிதரைப் பிரெஞ்சில் கேட்டார்.
ஒக்குப்பே, என்றார் அவர் தலை நிமிராமல்.
அவர்களுக்கு அது
கை ஓயாத வேலை என்றும் ஆகும்.

"என்னவாம் பிள்ளை?"
வீடு காலியோ எண்டு கேக்கிறா.
"காலியில்ல. கிணத்தடியில
மனிசி வச்ச தேசி நிக்கும்."
நிக்கும் என்றார். நிக்குது என்னவில்லை.
போய்ப் பார்த்தவர் யாருமில்லை.
அங்கே அது, இங்கே இவர்.
இதை மொழிபெயர்க்க என்னைக் கேட்கவில்லை,
நானும் செய்யவில்லை.

திருமதி ஏபிஷர் மேசை இழுப்பறையில் தேடி
பென்சில் ஒன்று எடுத்து
காலி என்ற பெட்டியில் மெல்லியதாய்க் கோடிட்டார்.
பிறகு அழிக்கலாம், என்றார்.
நல்ல மனுஷி. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

என் தாளில் மூன்று கால்மணி என்று கையொப்பம்.
நடைபாதைக் கோடியில் கழிவறை, சிவப்பு.
ஆள் இருக்கு, என்றேன்.
"நீங்கள் போங்கோ பிள்ளை, ரயில் விட்டிடும்.
நான் நிக்கிறன்."